வீடும் ஏடும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் பாராட்டுரைகளுக்குக் குறைவிராது. அவை பொருத்தமானவையே. ஆயினும், வாழ்த்துக்கு இடையே சற்றுக் கசப்பான பொருளொன்றையும் எண்ணிப் பார்ப்பது ஓர் இலக்கிய வட்டத்துக்கு அழகு. நூல் சேர்ப்போர் வீடுகளில், இரவு உணவு முடிந்து பிள்ளைகள் உறங்கிய பின் எழுகின்ற கேள்வி அது. மேடைகளில் எவரும் அதை எழுப்புவதில்லை. வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தொகுப்பை விற்று, வாழ்நாளெல்லாம் கனவு கண்ட வீட்டை வாங்கலாமா? அது அறமா, பிழையா?

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், பணி ஓய்வை நெருங்கிய தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டா. நூல் சேர்ப்போர் பலரின் சாயல் சேர்ந்த உருவம் அவர். மாணவப் பருவத்தில் தொடங்கிய பழக்கம். புதுவைக் காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, சென்னை அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடைகள், திருவல்லிக்கேணி நடைபாதை என்று அலைந்து சேர்த்தவர். பாரதிதாசன் கவிதைகளின் பழம்பதிப்புகள், ‘குயில்’ இதழ்கள், 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றுபோன ‘எழுத்து’, சிற்றிதழ்கள், கவியரங்க அழைப்பிதழ்கள், ஊர்த் திருவிழாத் துண்டறிக்கைகள் எனத் தொகுப்பு பெருகிவிட்டது. அண்ணன் தம்பியருடன் பங்கு பிரிக்கப்படாத, நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டின் நடுக்கூடத்தில் இரண்டு மரப் பீரோக்கள். பரணில் தகரப் பெட்டிகள். எஞ்சியவை கட்டிலுக்கு அடியில்.

வில்லியனூரில் இருப்புப்பாதைக்கு அருகே சிறிய காரை வீடு ஒன்று விலைக்கு வருகிறது. சேமிப்பையும் ஓய்வூதியப் பணத்தையும் திரட்டினாலும் ஒரு தொகை குறைகிறது. அந்நேரத்தில் பழநூல் வாங்குவோர் ஒருவர் வந்து பீரோக்களைத் திறந்து பார்க்கிறார். அரிய நூல்கள் நாற்பதைத் தனியே எடுத்து வைத்து, அவற்றுக்கு மட்டும் நல்ல விலை சொல்கிறார். குறையும் தொகையை அவ்விலை ஏறத்தாழ நிரப்பிவிடும். ஆசிரியர் அன்றிரவு உறங்கவில்லை.

இவருக்கு என்ன விடை சொல்வது?

இத்தகைய கேள்வி எழுந்ததும் இலக்கியவாணர்கள் பெரும்பாலும் ஒரே விடையைச் சொல்லிவிடுகின்றனர். ‘நூலை விற்பதா? கூடாது’ என்பது அவ்விடை. சொல்வது எளிது, சொல்பவரின் கூரை ஒழுகுவதில்லை. வீடு என்பது சிறிய ஆசையன்று. அறம், பொருள், இன்பம் என்று எண்ணி வந்த தமிழ் மரபு, நான்காவதாக நின்ற பேற்றுக்கு ‘வீடு’ என்றே பெயரிட்டது. அலைந்த உயிர் சென்று அமரும் இடத்துக்கு இதனினும் பொருத்தமான சொல் அதற்குக் கிடைக்கவில்லை.

மேலும், இப்பகுதியில் வீடு வெறும் வசதியுமன்று. 2011 திசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஓட்டு வீடுகள் பட்ட பாட்டை இவ்வவையில் பலர் கண்ணால் கண்டவர்கள். 2024 நவம்பர் இறுதியில் ‘பெஞ்சல்’ புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. ஒழுகாத கூரையும் உயர்ந்த தளமும் மனிதருக்கு மட்டும் தேவையானவை அல்ல, தாளுக்கும் தேவை. ஈரத்தில் ஊறிய நூலைக் கறையானும் இராமபாணப் பூச்சியும் முடிக்கின்றன. அந்துருண்டையும் வசம்பும் ஓரளவுக்கே துணை நிற்கும். நூலைக் காப்பதற்கே நல்ல வீடு வேண்டியிருக்கிறது. ஆகவே ‘வீடா, நூலா’ என்று இரண்டையும் பகையாக நிறுத்துவது முதற்பிழை.

இரண்டாவது பிழை, இக்கேள்வியை ஆசிரியர் ஒருவருடைய மனப்போராட்டமாக மட்டும் காண்பது. அவருடைய துணைவியாரும் அந்த வீட்டில் இருக்கிறார். பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் அத்தனை நூல்களையும் முற்றத்தில் இறக்கித் துடைத்து மீண்டும் அடுக்கியவர் அவர். மழை இரவுகளில் பிள்ளைகளுக்கு முன்னால் நூல்களுக்குப் பாத்திரம் வைத்தவர் அவர். புதுச்சேலை வாங்க வைத்திருந்த பணம் எந்தெந்தத் தீபாவளியில் எந்தெந்த நூலாயிற்று என்பது அவருக்குத் தெரியும். நூல் காத்தோரைப் புகழும் கட்டுரைகளில் இத்தகையோர் ஒரு வரியாகவும் இடம் பெறுவதில்லை. அத்தொகுப்பில் அவருக்கும் சரிபாதி உரிமை உண்டு. வீடு வேண்டுமென்று அவர் கேட்டால், இலக்கியத்தின் பெயரால் அவர் வாயை அடைக்க எவருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் விற்றுவிடலாம் என்பதுதான் விடையா? அதற்குமுன், விற்கப்படுவது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

தொகுப்பு என்பது நூல்களின் கூட்டுத்தொகையன்று. ‘எழுத்து’ இதழின் ஒரு பிரதி ஒரு பழைய இதழ், அவ்வளவே. முதலிதழ் முதல் இறுதியிதழ் வரை ஒரே இடத்தில் இருந்தால் அது புதுக்கவிதையின் வரலாறு. அதில் நான்கு இதழ்களை உருவிவிட்டால் எஞ்சியது வரலாறு ஆகாது. பழைய தாளே ஆகும். ஓர் ஊரின் இருபதாண்டுக் கவியரங்க அழைப்பிதழ்களை எவரும் விலைக்குக் கேட்பதில்லை. ஆனால் அந்த ஊரில் யார் யார் எழுதினர், எப்பொருளில் பாடினர், எவர் தலைமை தாங்கினர் என்பதற்கு வேறு சான்றே இல்லை.

பழநூல் வாங்க வருபவர் நேர்மையற்றவர் அல்லர். அவர் தொழில் அது. அவர் நாற்பது நூல்களைத் தேர்ந்தெடுத்து எடுத்துச் சென்ற பின், எஞ்சிய ஈராயிரத்தை ஒரு நூலகமும் ஆர்வத்தோடு கேட்காது. அவை ஒருநாள் எடைக்குப் போகும். நாற்பது நூலுக்குக் கிடைத்த விலை உண்மையில் நாற்பது நூலின் விலையன்று; முழுத் தொகுப்பின் உயிருக்குக் கிடைத்த விலை.

முழுமையாக விற்பதும் ஒன்று, பொறுக்கி விற்பதும் ஒன்று அல்ல என்பதற்குத் தமிழகத்திலேயே பெரியதொரு சான்று இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, இளமையில் சென்னைக்குச் சென்று பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் பயின்றவர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அவரைப் பற்றிக்கொண்டன. பின்னர் ஊர் திரும்பி, வாழ்நாள் முழுவதையும் சேகரிப்பிலேயே செலவிட்டார். நூல்களோடு நிற்கவில்லை. இதழ்கள், நாடக அறிக்கைகள், அழைப்பிதழ்கள், கடிதங்கள் என்று பிறர் குப்பை எனத் தள்ளியவற்றையும் சேர்த்தார். ஆய்வாளர்கள் கோட்டையூருக்குத் தேடி வந்து பயன்படுத்தினர். 1992-இல் அவர் மறைந்தபோது தொகுப்பில் ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இருந்தன.

குடும்பத்தின்முன் நின்ற கேள்வி இன்று பாகூர் ஆசிரியர்முன் நிற்கும் கேள்வியின் பெரிய வடிவமே. இதைக் காப்பதற்குத் தனிக் குடும்பம் ஒன்றால் இயலுமா? கறையான் காத்திருக்குமா? 1993-இல் சிகாகோப் பல்கலைக்கழகம் தொகுப்பை முழுமையாக விலைக்கு வாங்கியது. ‘தமிழ்ச் செல்வம் அமெரிக்காவுக்குப் போகிறது’ என்று வருந்த வேண்டியிருந்திருக்கும். ஆனால் அது போகவில்லை. தொகுப்பு தமிழகத்திலேயே இருக்கும், தமிழருக்கே முதலில் பயன்படும் என்னும் ஏற்பாட்டின்படி 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நூல்கள் பட்டியலிடப்பட்டன, நுண்படமாக்கப்பட்டன. முகப்பேரில் தொடங்கிய அந்நூலகம் பின்னர்த் தரமணிக்கு மாறியது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதும் எவரும் அதன் வாயிலை மிதிக்காமல் எழுத இயலாது. அத்தொகுப்பு விற்கப்பட்டதுதான், ஆனால் சிதறவில்லை.

இதற்கு மறுபுறமாக ஒரு செய்தியும் உண்டு. செட்டிநாட்டின் மாளிகைகள் உலகறிந்தவை. பர்மாத் தேக்கில் தூணும் கதவும் அமைத்துக் கட்டப்பட்ட அவ்வீடுகளில் பல, பங்காளிகள் பெருகிப் பராமரிக்க ஆளின்றிப் பிரிக்கப்பட்டன. தூண் வேறு, கதவு வேறு, நிலை வேறு, பீங்கான் வேறு என்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. நூறாண்டு நிற்க வேண்டிய வீடு துண்டு துண்டாக விலைபோனது. பெயர்ப்பலகை எழுதியவர் சேர்த்த தாள்கள் ஒரே கூரையின்கீழ் நிலைத்துவிட்டன. வீடு நிலையானது, தாள் நிலையற்றது என்னும் எண்ணம் எப்போதும் சரியன்று.

புதுவையோடு மொழியுறவு கொண்ட பிரெஞ்சு நாட்டிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. கலைக்களஞ்சியம் உருவாக்கிய தெனி திதரோ பெரும்புகழ் பெற்றும் பெரும்பொருள் பெறாதவர். மகளின் திருமணச் சீருக்குப் பணம் தேவைப்பட்டது. அவரிடம் இருந்த ஒரே செல்வம் நூலகமே. 1765-இல் உருசியப் பேரரசி இரண்டாம் காதரீன் 15,000 லிவர் கொடுத்து அதனை வாங்கினார். (அதே 1765-இல்தான் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்தது.) பேரரசியோ நூல்களை உடனே எடுத்துச் செல்லவில்லை. திதரோ வாழும்வரை அவை அவரிடமே இருக்கட்டும் என்றார்; அவரையே அந்நூலகத்தின் காப்பாளராக அமர்த்தி ஆண்டுக்கு 1,000 லிவர் ஊதியமும் தந்தார். பிறகு ஐம்பதாண்டு ஊதியத்தை ஒருசேர முன்பணமாகவே அளித்தார். தன் நூல்களுக்குத் தானே ஊழியரான வியப்பு அது.

கதை அத்தோடு முடியவில்லை. முதுமையில் திதரோ குடியிருந்தது உயர்ந்த மாடியில். படியேற இயலாது போனபோது பேரரசியின் செலவில் பாரிசின் ரிஷலியூ வீதியில் சிறந்த வீடொன்று அமர்த்தப்பட்டது. மகளுக்குச் சீர், தமக்கு ஊதியம், இறுதியில் கனவு போன்ற வீடு என எல்லாம் கிடைத்தன. ஆனால் அவ்வீட்டில் அவர் வாழ்ந்தது இரண்டு வாரமளவே. 1784 சூலை 31-ஆம் நாள் மறைந்தார். அவருடைய நூல்கள், ஏறத்தாழ மூவாயிரம், பீட்டர்சுபர்க்கு நகருக்குப் போயின. அங்கே பேரரசின் நூற்கடலில் அவை கலந்தன. இது திதரோவின் நூல் என்று பிரித்துக் காட்ட ஒழுங்கான பட்டியல் எஞ்சவில்லை. அவர் எதைப் படித்தார், எந்த ஓரத்தில் எதைக் குறித்தார் என்று பிற்கால அறிஞர்கள் ஒவ்வொரு நூலாகத் தேட வேண்டியதாயிற்று. தொகுப்பு முழுமையாக விற்கப்பட்டது, நல்லவரிடம் விற்கப்பட்டது, நல்ல விலைக்கே விற்கப்பட்டது. பட்டியல் இல்லாமையால் அது தொகுப்பாக நிலைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான செய்தி அமெரிக்காவிலிருந்து. 1814-இல் ஆங்கிலப் படையினர் வாசிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தை எரித்தபோது அங்கிருந்த நூலகமும் எரிந்தது. கடனில் மூழ்கியிருந்த தாமசு செபர்சன் தம் நூல்கள் 6,487-ஐ 1815-இல் 23,950 டாலருக்கு நாட்டுக்கு விற்றார். பணத்தின் பெரும்பகுதி கடன்காரர்களுக்கே போயிற்று. வண்டிகள் நூல்களோடு புறப்பட்டுச் சென்றதும் அவர் மீண்டும் நூல் வாங்கத் தொடங்கினார் என்பதை இங்குள்ள சேகரிப்பாளர்கள் புன்னகையோடு புரிந்துகொள்வார்கள். 1851-இல் மற்றொரு தீ. செபர்சன் நூல்களில் மூன்றில் இரு பங்கு அழிந்தது. அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய நூல்களின் பட்டியல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், எரிந்த ஒவ்வொரு நூலுக்கும் அதே பதிப்பைத் தேடி மீண்டும் சேர்க்கத் தொடங்கியது. பெரும்பகுதி கிடைத்தும்விட்டது. எரியாத தொகுப்பு பட்டியலின்றிக் கரைந்தது. எரிந்த தொகுப்பு பட்டியலால் மீண்டது.

விற்காமல் வாழ்ந்தோர் நெறியும் தமிழில் உண்டு. மறைமலையடிகள் பல்லாவரத்து வீட்டில் சேர்த்த நூல்கள் தமிழ் மக்களுக்கே உரியன என்று எழுதி வைத்துச் சென்றார். 1950-இல் அவர் மறைந்தபின், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்து வ. சுப்பையா பிள்ளை முயற்சியால் 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் அமைந்தது. உ.வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். ஊர் ஊராக நடந்து அவர் தேடிய சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943-இல் அவர் பெயரால் நூல்நிலையம் எழுந்தது. இன்றும் அது பெசன்ட் நகரில் இருக்கிறது. அவர் பல்லாண்டு வாழ்ந்த திருவல்லிக்கேணித் ‘தியாகராச விலாச’மோ 2012-இல் இடிக்கப்பட்டது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி இணையர், தம் ஆசிரியப் பணியின் ஊதியத்தைக்கொண்டு நூல்களைச் சேர்த்தனர். நூலுக்கென்றே கட்டடம் எழுப்பி ‘ஞானாலயா’ எனப் பெயரிட்டனர். வீடா நூலா என்ற கேள்விக்கு, நூலுக்கே வீடு என்று விடை கண்ட குடும்பம் அது. கணவன், மனைவி இருவரும் ஒரே மனத்தோடு இருந்ததால் கைகூடிய செயல் என்பதை மறக்கலாகாது. ஒருவர் பித்தும் மற்றவர் பொறுமையும் கொண்டு அது எழவில்லை.

ஆனால் நிறுவனத்திடம் சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கண் மூடவும் இயலாது. 1981 சூன் முதல் நாள் விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து, பொதுநலம் கருதி நம்பிக்கையோடு ஒப்படைத்த சுவடிகளும் அவற்றுள் இருந்தன. வேறெங்கும் படியில்லாதவை போயின. படியிருந்தவை உலகில் எங்கோ மிஞ்சின. அத்துயரத்தின் நினைவில்தான் ஈழத்தமிழர் பிற்காலத்தில் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தை அமைத்து, கிடைத்தவற்றையெல்லாம் படமெடுத்து வைக்கலாயினர்.

இனி, இம்மண்ணுக்கே திரும்பலாம். பாகூரின் பெயர் தமிழகக் கல்வி வரலாற்றில் நிலைத்திருப்பது ஒரு செப்பேட்டுத் தொகுதியால். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்லும் ஏடுகள் அவை. கற்பிப்போரும் கற்போரும் கவலையின்றி இருக்க ஊர்களையே எழுதிக் கொடுத்த காலம்! அச்செப்பேடுகள் 1879-இல் கிடைத்தன. இன்று அவை பாகூரில் இல்லை; பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. மூலநாதர் கோயிலுக்கு வரும் பாகூர் மாணவன் தன் ஊரின் ஏட்டைக் கண்ணால் காண முடியாது. இது இழப்பே. ஆயினும் அவ்வேடுகள் படிக்கப்பட்டு, படியெடுக்கப்பட்டு, அச்சிடப்பட்டன. அதனால்தான் மூன்று ஊர்க் கொடை இன்று இவ்வவையில் பேசப்படுகிறது. உருக்கிச் செம்பாக விற்கப்பட்டிருந்தால் பாகூருக்கு அப்பெருமையே தெரிந்திராது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் இதையே உணர்த்துகிறது. அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் அக்குறிப்பேடுகள் அவர் குடும்பத்து வீட்டில் கிடந்தன. 1846-இல் கலுவா மொம்பிரேன் அவற்றைக் கண்டு படியெடுக்கச் செய்தார். மூல ஏடுகளில் சில பின்னர்க் காணாமற் போயின. படிகள் இருந்ததால் செய்தி அழியவில்லை. அந்த வீடு காத்தது எண்பத்தைந்து ஆண்டு. அதன்பின் காத்தது படி.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், ‘விற்கலாமா’ என்ற கேள்விக்கு முன்னே வேறொரு கேள்வி நிற்பது புலப்படும். தொகுப்பில் என்ன இருக்கிறது என்று எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? பட்டியல் இல்லாதவர் விற்றாலும் இழப்பு, விற்காமல் வைத்திருந்தாலும் இழப்பு. ‘என் காலம்வரை விற்கமாட்டேன்’ என்று நெஞ்சுயர்த்திச் சொல்பவர்கள் உண்டு. அவர் காலத்துக்குப் பின்? பிள்ளைகள் வெளியூரில் இருப்பர். கருமாதி முடிந்த மறுவாரம் வீட்டை ஒழிக்க வேண்டியிருக்கும். எது அரிது, எது எளிது என்று அவர்களுக்குத் தெரியாது. எடைக்கு எடுப்பவரின் தராசுக்கு எல்லாத் தாளும் ஒன்றே. முடிவெடுக்காமல் இருந்ததும் ஒரு விற்பனையே; மிகக் குறைந்த விலைக்கு நிகழும் விற்பனை.

ஆகவே பாகூர் ஆசிரியருக்குச் சொல்லக்கூடியது இது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, எந்நிலையில் உள்ளது என்று ஒவ்வொன்றாக எழுதட்டும். அழைப்பிதழும் துண்டறிக்கையும் விடுபடலாகாது. துணைவியாரும் உடனிருந்து எழுதினால் இன்னும் நன்று. எந்தப் பெட்டியில் எது என்று அவருக்கே கூடுதலாகத் தெரிந்திருக்கும். எழுதி முடிக்கும்போது, தம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளவை எவை, வேறு நூலகங்களில் எளிதில் கிடைப்பவை எவை, எங்கும் கிடைக்காதவை எவை என்பது அவருக்கே தெளிவாகும். முதல் இரு வகையையும் விற்பதில் யாருக்கும் இழப்பில்லை.

மூன்றாம் வகையைப் படமெடுத்து வைக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை பழநூல்களை மின்வடிவாக்கிப் பொதுவில் வைக்கின்றன. படி ஒன்று வெளியே இருந்தால் புயலும் தீயும் விற்பனையும் இறுதியானவை ஆகா.

அதன்பின், விற்பதென்றால் முழுமையாக விற்க வேண்டும். படிப்போர் சென்றடையக்கூடிய இடத்தில் விற்க வேண்டும். பட்டியலோடு விற்க வேண்டும். 1827-இல் தோன்றி இன்று ரோமன் ரோலண்டு பெயரைத் தாங்கி நிற்கும் நூலகமும், 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் புதுவையிலேயே இருக்கின்றன. அந்நிறுவனத்திலும் தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. ஆலயங்களிலும் இல்லங்களிலும் கிடந்த சுவடிகளும் சேர்ந்து ஆன தொகுப்பே அது. சேர்க்கும் கைகள் தொலைவில் இல்லை.

இவ்வாறு முழுமையாக விற்றால், நாற்பது நூலைப் பொறுக்கி விற்பதைவிடத் தொகை குறையக்கூடும், காலமும் நீளும். இதை மறைப்பதில் பொருளில்லை. வில்லியனூரில் பார்த்து வைத்த வீடு கைநழுவிப் போகலாம். இரண்டு அறைக்கு மாறாக ஓர் அறையும் கூடமும் கொண்ட வீடே வாய்க்கலாம். அந்தக் குறைவுதான் அக்குடும்பம் தமிழுக்கு அளிக்கும் கொடை. பல்லவன் மூன்று ஊரைக் கொடுத்தான். இவர்கள் ஓர் அறையைக் கொடுக்கிறார்கள். கொடுப்பவரின் அளவு நோக்கின் எது பெரிதென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு வரம்பு உண்டு. ஒழுகாத கூரையே அவர்களுக்கு இல்லையென்றால், மழைக்காலத்தில் பிள்ளைகள் நனைகின்றனர் என்றால், அவர் உடனே விற்கட்டும். கிடைத்த விலைக்கு விற்கட்டும். பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அவரைப் பழிக்கும் உரிமை, அவருக்கு ஓர் ஓடும் வாங்கித் தராத எவருக்கும் இல்லை.

இவ்விடத்தில் இலக்கிய வட்டத்தின் கடமை வருகிறது. பத்தாண்டுகளில் இவ்வட்டம் கவியரங்குகளும் நூலாய்வுகளும் நடத்தியிருக்கிறது. அவற்றின் அழைப்பிதழ்களும் படிக்கப்பட்ட கவிதைகளின் கையெழுத்துப் படிகளும் இன்று எங்கே இருக்கின்றன? சில ஒருவர் பையில், சில மற்றவர் பரணில் இருக்கக்கூடும். இன்னும் பத்தாண்டு கழித்து இருபதாம் ஆண்டு மலர் தொகுப்போர் எங்கே சென்று தேடுவர்?

ஆதலின் இவ்விழாவை முன்னிட்டு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதி, அதன் படியை வட்டத்திடம் தர வேண்டும். நூலைத் தர வேண்டியதில்லை; பட்டியல் போதும். வட்டம் அவற்றை ஒரு பேரேட்டில் தொகுத்து வைக்கட்டும். வில்லியனூரில் ஒருவரிடம் இருக்கும் இதழ்வரிசையின் விடுபட்ட இதழ் பாகூரில் ஒருவரிடம் இருக்கலாம். இருவரும் பத்தாண்டு அருகருகே அமர்ந்து கவிதை கேட்டிருக்கலாம். ஒருவர் விற்கும் நிலை வந்தால், வெளியாரிடம் போகுமுன் அச்செய்தி இங்கே வரட்டும். வாங்க வட்டத்தால் இயலாது போகலாம். ஆனால் முழுத் தொகுப்பையும் வாங்கக்கூடிய நிறுவனத்துக்குக் கடிதம் எழுத இயலும். படமெடுக்க நான்கு இளைஞர்களை அனுப்ப இயலும். விலை பேசும்போது ஆசிரியரும் துணைவியாரும் தனியே நிற்காமல் பார்த்துக்கொள்ள இயலும்.

அந்த ஆசிரியர் புதிய வீட்டுக்குக் குடிபுகும் நாள் வரட்டும். நடுக்கூடத்தில் அவருக்குப் பிடித்த நூல்கள் சில மட்டும் ஓர் அலமாரியில் இருக்கும். மற்றவை வேறொரு கூரையின்கீழ், ஈரம் படாமல், யாரோ ஒரு மாணவியின் மேசைமீது விரிந்திருக்கும். அலமாரியின் மேல்தட்டில் அந்த நோட்டுப் புத்தகம் இருக்கும். பால் காய்ச்ச வருபவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கட்டும். அதில் கணவர் கையெழுத்தும் மனைவி கையெழுத்தும் மாறி மாறி இருக்கும்.